அவருக்கு எங்கள் பேச்சு வரவில்லை

சேலத்து நாடகக் குழுவில் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. பகலில் துணிக்கடை, மாலையில் ஒத்திகை. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பாவும் அம்மாவும் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, சாவு வீட்டில் அழுகிறவள் என்று மூன்று வருடம் ஓட்டிய பிறகு ஒரு தங்கை வேடம் கிடைத்தது. அதுவும் கோடை சீசனுக்கு ஏற்காட்டில் போடுகிற நாடகத்தில். நாகலூர் பஸ் கண்டக்டரிடம் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு குழுத் தலைவர் ஒத்திகையை நிறுத்தினார். கதாநாயகனும் அவர்தான். பதற்றத்தில் 'வீடு' என்பதை 'ஊடு' என்று சொல்லிவிட்டேன். அதை என் குரலிலேயே நாலைந்து முறை சொல்லிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தார். பிறகு, "சீசனுக்குப் படிச்சவங்க வந்து உக்காருவாங்க. மலைப் பேச்சை வச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்றார். வேடம் வேறொருத்திக்குப் போனது. பக்கப் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலை எனக்கு.

எஸ்டேட் லைன் வீட்டுச் சனங்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு அம்மா வந்திருந்தாள். தலை நிறைய கனகாம்பரம். படுதா இடுக்கில் எனக்கு அவள் முகம் தெரிந்தது. தலைவருக்கு மூன்று இடத்தில் வசனம் மறந்தது. நான் பேசாமல் நின்றிருக்கலாம். மூன்று முறையும் எடுத்துக்கொடுத்தேன். அதை நினைத்தால் அவர் மேல் வருகிற கோபம் இன்னும் கூடும்.

நாடகம் முடிந்து வெளியே வந்தபோது அம்மா கேட்டாள்: "ஏங்கண்ணு, நீ எப்ப மேடைக்கு வந்தே? நான் பாக்காம உட்டுட்டனா?"

ஆமாம், கவனிக்காமல் விட்டுவிட்டாய் என்றேன். பாவம், தன் கண்ணைத்தான் திட்டிக்கொண்டாள்.

பிறகு நான் சென்னைக்குப் போனேன். சபா நாடகங்கள், அப்புறம் தொலைக்காட்சி. தொண்ணூறுகளில் ஒரு தொடருக்காக ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்றில் படப்பிடிப்பு. எனக்கு முக்கியமான டீச்சர் வேடம். காவல்காரக் கிழவராக நடிக்க வேனிலிருந்து இறங்கியவர் அந்தக் குழுத் தலைவர். தலை நரைத்து, பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

இயக்குநர், "உங்க ஊர்ப் பேச்சுதானே, இவருக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க," என்றார்.

வசனம் சின்னதுதான். "ஏனுங்க, எம்புள்ள இன்னும் ஊடு வந்து சேரலீங்க."

பங்களாவின் பின்பக்கம் அழைத்துப் போய்ச் சொல்லச் சொன்னேன். முதல் மூன்று தடவை நாடக மேடைத் தமிழ்தான் வந்தது. நான்காவது தடவை சரியாக வந்தது. நாகலூர்க் கிழவர் ஒருவர் பேசியது போலவே இருந்தது. இல்லை என்றேன். மறுபடியும் சொன்னார். இல்லை என்றேன். இருபது தடவை சொல்ல வைத்தேன். வியர்த்துப்போய் வாய் குழறியது. அப்போது இயக்குநரைக் கூப்பிட்டேன்.

"அவருக்கு எங்க பேச்சு வரலீங்க," என்றேன்.

வேடிக்கை பார்க்க வந்த, பக்கத்து வெள்ளக்கடை ஊர்க்காரர் ஒருவருக்கு அந்த வேடத்தைக் கொடுத்தார்கள். அவர் கேமராவையே பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். காட்சி நன்றாக வரவில்லை.

தலைவர் பங்களாப் படியில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தொட்டு மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கடந்து போகும்போது, "நான் சரியாத்தானேம்மா சொன்னேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை வேடம், சிரிப்பு, அம்மா, எதையும் விடவில்லை.

வெகு நேரம் யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

"அந்த நாடகத்தில நீ இருந்தியாம்மா?" என்றார்.

அவர் மத்தியான பஸ்ஸில் மலையிறங்கிப் போனார். அதன் பிறகு இரண்டு இயக்குநர்கள் அவரைப் போடலாமா என்று என்னிடம் விசாரித்தார்கள். வசனம் நிற்காது, வயதாகிவிட்டது என்று இருவரிடமும் சொன்னேன்.