ஜோஸ்லின் கொடுக்காத வில்

வில் கேட்டு வருகிறவரின் முகத்தை ஜோஸ்லின் கடைசியாகத்தான் பார்ப்பார். முதலில் தோள்கள். பிறகு முழங்கை, மணிக்கட்டு, விரல்கள். "செத்த திரும்பி நில்லுங்க" என்று சொல்லி முதுகையும் பார்ப்பார். அளவுக்குச்சியின் ஒரு முனையை வந்தவரின் நெஞ்சில் ஊன்றி, இரண்டு கைகளையும் அதன்மேல் நீட்டச் சொல்லி, விரல் நுனி எட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். பென்சில் மறுபடி கொண்டைக்குள் போய்விடும். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து முகம் பார்த்து, "வாங்க, உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா?" என்பார்.

நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, எஸ்டேட் வேலியோரமாக ஐந்து நிமிடம் நடந்தால் அவருடைய தகரக் கொட்டகை. நாற்பத்து மூன்று வயது. கணவர் பென்னியின் பழைய ஸ்வெட்டரைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கைகளை முழங்கை வரை சுருட்டிவிட்டிருப்பார். பென்னி பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். சாயங்காலம் வந்ததும் கொட்டகை வாசலில் நின்று, உள்ளே இழைக்கிற சத்தம் கேட்கிறதா, சுரண்டுகிற சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பார். இழைத்தால் பேசலாம். சுரண்டினால் பேசக் கூடாது. ஒரு மயிரிழை கூடுதலாகச் சுரண்டிவிட்டால் இரண்டு மாத வேலை விறகாகிவிடும்.

கொட்டகை மூலையில் ஆளுயரத்தைவிட நீளமாக ஒரு மரப்பெட்டி படுத்திருக்கும். உள்ளே ராப்பகலாக ஒரு குண்டு பல்பு எரியும். சேர்வராயன் மலையின் ஈரம் மரத்தையும் காயவிடாது, பசையையும் பிடிக்கவிடாது. அதனால் வில்லுக்காக மெல்லிசாகச் சீவி ஒட்டுகிற பட்டைகளை வாரக்கணக்கில் அந்தப் பெட்டியில் வெதுவெதுப்பாக வைத்திருப்பார். உள்ளே கோழிக்குஞ்சு பொரிக்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. யாராவது கேட்டால், "ஆமாங்க, முட்டை ஒவ்வொண்ணும் ஆறடி" என்பார், சிரிக்காமல்.

இந்தத் தொழில் அவர் வீட்டில் யாருக்கும் கிடையாது. இருபத்தாறு வயதில் மிஷன் தச்சுக்கூடத்தில் பெஞ்சும் கட்டிலும் செய்துகொண்டிருந்தார். எஸ்டேட் முதலாளி ஒருவர், இரண்டாக ஒடிந்த ஒரு வெளிநாட்டு வில்லைக் கொண்டுவந்து ஒட்டித் தரக் கேட்டார். "ஒட்டலாமுங்க, நிக்காது" என்றார் ஜோஸ்லின். சரி, தூக்கிப் போடு என்று முதலாளி போய்விட்டார். ஜோஸ்லின் தூக்கிப் போடவில்லை. குறுக்கே அறுத்துப் பார்த்தார். பிஸ்கட் அடுக்கியதுபோல நான்கு பட்டைகள். அதைப் பார்த்துத் தானும் ஒன்று செய்தார், அது ஒடிந்தது. மொத்தம் பதினோரு வில் ஒடிந்தன. ஏழாவது ஒடிந்தபோது தெறித்த சில்லு இடது புருவத்தைக் கிழித்ததில் நான்கு தையல் போட்டார்கள். அந்த இடத்தில் இன்றைக்கும் முடி கிடையாது. பன்னிரண்டாவது நின்றது. வெளிப்பக்கத்துக்கு மூங்கில், உள்பக்கத்துக்குத் தடசு. முன்பு மாட்டுவண்டிக்கு ஏர்க்கால் போட்ட மரம் அது, வளையும், முறியாது. சேலத்து மரக்கடையில் ரசீதோடு வாங்கிவருவார்.

இப்போது பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆள் வருகிறது. பெரும்பாலும் போட்டிகளுக்குப் போகிறவர்கள். அவரவர் உடம்புக்குத்தான் வில். ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்கு விற்க மாட்டார். அடிவாரத்திலிருந்து ஒருவர் வந்து, காட்டுப்பன்றி அடிக்க வேண்டும் என்று காதோடு சொன்னாராம். "அது குத்தமுங்க. உங்களுக்கு வேணுமுன்னா ஒரு நாற்காலி செஞ்சு தாரன், உக்காந்து காவல் இருங்க" என்று அனுப்பிவிட்டார்.

அப்படிப்பட்டவரிடம்தான் போன மே மாதம் அமெரிக்காவிலிருந்து பிரபாகர் போனில் பேசினார். சேலத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது, அங்கே குளிர்பதன இன்ஜினியராக இருபத்தைந்து வருஷம்.

"எத்தன பவுண்டுங்க வேணும்?" என்று கேட்டார் ஜோஸ்லின். நாணை முழுசாக இழுத்துப் பிடிக்கும்போது விரலில் விழுகிற பாரம் அது.

"அறுபது. மான் வேட்டைக்குங்க. இங்க லைசென்ஸ் இருக்கு, சீசன் இருக்கு, எல்லாம் சட்டப்படிதான்."

ஜோஸ்லின் இரண்டு நாள் தவணை கேட்டார். உயிரை எடுப்பதற்கென்று அவர் அதுவரை வில் செய்ததில்லை. சாப்பிடும்போது பேசாதவர், அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே பென்னியிடம் கேட்டார். "கிறிஸ்துமஸுக்கு நாம கறி எடுக்கறதில்லியா?" என்றார் பென்னி. "எடுக்கறோம். ஆனா அந்த ஆட்டுக்கு ஒரே வெட்டு" என்றார் ஜோஸ்லின்.

மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: நேரில் வந்து, இழுத்துப் பார்த்துத்தான் எடுத்துப்போக வேண்டும். தோள், கை அளவுகளையும், நின்றவாக்கில் முன்னும் பின்னும் எடுத்த போட்டோவையும் அனுப்பச் சொன்னார். போட்டோவில் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருந்ததைப் பார்த்தார். கேட்டபடி அறுபதில் ஒன்றும், கேட்காமல் நாற்பத்தெட்டில் ஒன்றுமாக இரண்டு வில் செய்யத் தொடங்கினார். நல்ல தடசு ஒரு துண்டுதான் மிச்சமிருந்தது. அதை இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதி என்று இரண்டு வில்லுக்கும் வைத்தார்.

ஆகஸ்டில் பிரபாகர் லீவில் வந்தார். நாகலூரில் அன்றைக்குப் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. இரண்டு வில்லும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அறுபது சற்றுப் பருமன், கைப்பிடியில் கறுத்த தோல். நாற்பத்தெட்டு மெலிந்து, கைக்கு அடக்கமாக இருந்தது. பிரபாகர் அறுபதைத்தான் எடுத்தார். தடவிப் பார்த்தார், தூக்கிப் பிடித்தார், போட்டோ எடுத்துக்கொண்டார்.

"எங்க வேட்டை கிளப்ல ஆறு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. இத நான் கொண்டுபோய்க் காட்டினாப் போதும், ஆறும் உங்களுக்குத்தான்" என்றார்.

வாசலில் நின்றிருந்த பென்னியின் முகம் மலர்ந்ததை ஜோஸ்லின் பார்த்தார். ஆறு வில் என்றால் ஒரு வருஷத்து வேலை.

பனி கொஞ்சம் விலகியதும் பின்பக்கம் போனார்கள். பழந்துணி அடைத்த காப்பிச் சாக்கு ஒன்றில், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது. இருபது தப்படி தூரம். பிரபாகர் அறுபதை வாங்கி, தோளைச் சுழற்றிக்கொண்டு எய்தார். மூன்றில் இரண்டு வட்டத்துக்குள். "பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தனுங்க. இப்ப செத்த உக்காருங்க."

சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு முக்காலியைப் போட்டார். அசையக் கூடாது, பேசக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. ஜோஸ்லினும் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். இலைகளில் கோத்திருந்த பனி இருவர் தலையிலும் சொட்டியது. அரை மணி நேரம் போனது. பிரபாகரின் காது சிவந்து, உதடு வெளுத்தது. ஜோஸ்லின் கையைத் தூக்கி, சாக்கைக் காட்டினார். எழுந்திருக்காமல் எய்ய வேண்டும். ஒரே அம்பு.

பிரபாகர் இழுத்தார். நாண் தாடைக்கு வந்து சேரவில்லை. நாலு விரற்கடை முன்னாலேயே வலது தோள் நடுங்கத் தொடங்கியது. அம்பு சாக்கின் கீழ் மூலையில் சொருகித் தொங்கியது.

ஜோஸ்லின் நாற்பத்தெட்டை நீட்டினார். அதன் நாண் தாடை வரை வந்து, ஒரு மூச்சு நின்று, விடுபட்டது. அம்பு வட்டத்துக்குள் பாதி வரை இறங்கியிருந்தது.

"குளிர்ல கை மரத்துப்போச்சு, அவ்வளவுதான். அங்க ஜிம்முக்குப் போய்த் தோள ரெடி பண்ணிக்குவேன். அறுபதையே பேக் பண்ணிடுங்க."

"இத உங்களுக்குக் குடுக்க மாட்டனுங்க."

பிரபாகருக்குப் புரியவில்லை. "நான் ஆர்டர் குடுத்ததுங்க இது."

"ஆமாங்க. செஞ்சது செஞ்சதுதான். ஆனா குடுக்க மாட்டன்."

"அப்ப எதுக்குங்க செஞ்சீங்க?"

"நீங்க இழுத்துப் பாக்காம நான் சொன்னா நம்புவீங்களா?"

பென்னி தொண்டையைச் செருமினார். பிரபாகர் வில்லைக் கொட்டகை மேஜைமேல் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். ஜோஸ்லின் இரண்டு வில்லிலிருந்தும் நாணைக் கழற்றி, பனி ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். "ஆறு வில்லு" என்றார் பென்னி, பொதுவாக, காற்றைப் பார்த்து. "தெரியும்" என்றார் ஜோஸ்லின்.

ஒண்டிக்கடை ரவுண்டானா வரைக்கும் போன கார், ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. பிரபாகர் இறங்கி, கேட்காமலே முக்காலியில் உட்கார்ந்தார். கோபம் போயிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவர்போல இருந்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு பெட்டை மானுங்க" என்றார். "ஃபிரண்டோட வில், அம்பத்தஞ்சு பவுண்ட். நாலு மணி நேரம் மரத்துமேல உக்காந்திருந்தேன். அடிச்சேன். பட்டுச்சு. ஆனா அது அம்போட ஓடிருச்சுங்க. பனியில ரத்தத்தப் புடிச்சுக்கிட்டே போனோம். முன்கால் ஒண்ண இழுத்து இழுத்துப் போன தடம். ஒரு ஓடை வந்துச்சு. அதுக்கு மேல தடம் இல்ல. மறுநாளும் போய்த் தேடினேன், கெடைக்கல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பவர் பத்தலீன்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் அறுபது கேட்டேன். இன்னொரு தடவ அப்படி ஆகக் கூடாதுன்னுதான்."

ஜோஸ்லின் எழுந்து போய் அவருடைய வலது தோள்பட்டைமேல் இரண்டு விரலை வைத்தார். "இது எப்ப அடிபட்டுச்சுங்க?"

பிரபாகர் திரும்பிப் பார்த்தார். "பத்து வருஷம் ஆச்சு. ஐஸ்ல வழுக்கி விழுந்தேன். உங்களுக்கு யாரு சொன்னது?"

"போட்டோ சொல்லுச்சு. அன்னிக்கு வில்லுக்குப் பவர் பத்தாம இல்லீங்க. நாலு மணி நேரம் குளிர்ல உக்காந்த தோளுக்கு அம்பத்தஞ்சே சாஸ்தி. கடைசி நாலு விரக்கடைல நடுங்கியிருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. அம்பு போற எடம் தப்பிப்போச்சு. அறுபதக் குடுத்தா இன்னும் தப்பும். மானுக்குப் பவுண்டு தெரியாதுங்க. அம்பு எங்க வந்து பட்டுச்சுன்னுதான் தெரியும்."

பிரபாகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நாப்பத்தெட்டு போதுமாங்க?"

"உங்க ஊருச் சட்டத்துல எவ்வளவுங்க?"

"நாப்பதுக்குக் கொறையக் கூடாது."

"அப்பறமென்னங்க. கிட்ட வர்ற வரைக்கும் பொறுங்க. இருபது தப்படிக்கு அக்கட்ட இருந்தா உட்டுருங்க."

அன்று மாலை வரை பிரபாகர் நாற்பத்தெட்டோடு பின்பக்கத்திலேயே இருந்தார். நின்று எய்தார், முக்காலியில் உட்கார்ந்து எய்தார், நனைந்துகொண்டே எய்தார். நாண் தாடையில் பட்டு நிற்கிற அந்த ஒரு மூச்சு, நேரம் ஆக ஆக நீண்டுகொண்டே வந்தது. ஜோஸ்லின் கிட்டே போகவில்லை; கொட்டகைக்குள் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நாணின் சத்தத்திலேயே அம்பு எங்கே போயிருக்கும் என்று தெரியும் என்பார். கைப்பிடி உள்ளங்கையில் ஓரிடத்தில் உறுத்துவதாகப் பிரபாகர் வந்து சொன்னதும், அரத்தால் அரைத் தேய்ப்பு தேய்த்து, உப்புத்தாள் போட்டுக் கொடுத்தார். பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் வில்லைத் துணி சுற்றிப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டார் பென்னி.

அறுபது என்ன ஆயிற்று? ஆள் வரட்டும் என்று விட்டுவிட்டார். அக்டோபரில் ஓசூரிலிருந்து வாலிபால் விளையாடுகிற பெண் ஒருத்தி வந்தாள். ஜோஸ்லின் அவளுடைய முதுகைப் பார்த்தார், குச்சி வைத்து அளந்தார், பெட்டியைத் திறந்து அறுபதை எடுத்துக் கொடுத்தார். தன் கட்டுப்பாட்டைத் தானே மீறியது அந்த ஒரு தடவைதான். அவள் அதை ஏதோ ஜன்னல் திரையை இழுக்கிறதுபோல இழுத்தாளாம். "அவளுக்குன்னே செஞ்சாப்பல இருந்துச்சு. நான்தான் தெரியாம வேற பேர எழுதி வெச்சிருக்கறன்" என்றார் பென்னியிடம்.

கிளப்பின் ஆறு பேரில் இதுவரை எழுதியவர்கள் இருவர். இருவரிடமும் போட்டோ கேட்டிருக்கிறார்.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, பட்டைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பிரபாகர். கொம்பும் தலையுமாக ஒரு படம் இருக்கும் என்று நினைத்து, பென்னியைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார். பென்னி படித்தார்: நேத்து சீசன் முடிஞ்சுதுங்க. கடைசி நாள் ஒரு பெட்டை வந்துச்சு. நாப்பது தப்படி இருக்கும். முழுசா இழுத்தேன், தோள் நடுங்கல. ஆனா அதுக்கு மேல கிட்ட வரல. வில்ல மெதுவா எறக்கிட்டேன். இந்த வருஷம் அவ்வளவுதான்.

படத்தில் மான் இல்லை. மரங்களுக்கு நடுவே வெறும் பனி. அதில் குறுக்காகப் போகிற குளம்படிகள், எந்தக் காலும் இழுபடாமல்.

ஜோஸ்லின் பசைக் கையை ஸ்வெட்டரில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, முதல் குளம்படியில் பெருவிரலை வைத்தார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று, படத்தின் ஓரத்தில் தடம் மரங்களுக்குள் மறைகிற வரைக்கும், ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.