திருஇருதய விளக்கை அணைத்தவன்

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியதுதான் ஜின்சியும் அவள் அம்மா ரோசக்குட்டியும் சேர்ந்து செய்த கடைசி வேலை. ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, வெளியே மழை. ஜின்சி கொச்சியிலிருந்து வந்திருந்தாள். அங்கே லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். அவள் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து ஊற்ற, ரோசக்குட்டி டார்ச் அடித்தபடி குனிந்து நின்றாள்.

"போதும்டீ, வழியப் போகுது."

"இன்னும் கோடு வரல அம்மே."

"உனக்குக் கோடு கவலை. எனக்குத் தரை கவலை. துடைக்கிறது யாரு?"

நாலாவது மூடியைத் திறந்தபோது ஹாலில் போன் அடித்தது. ஜின்சி நிமிர்ந்து பார்த்தாள். டார்ச் வெளிச்சம் அசையவில்லை.

"எடுக்கலையா?"

"அடிக்கட்டும்."

"அயர்லாந்து தான்."

"தெரியும். அதான் அடிக்கட்டும்னேன்."

மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ரோசக்குட்டி கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் ஆபரேட்டராக இருந்தவள் அவள். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவது கைக்குப் பழகிப்போன விஷயம். வாயில் சோறு இருந்தாலும் எழுந்து ஓடுவாள். அப்படிப்பட்டவள் நாலு மாதமாக ஒரே ஒரு நம்பரை மட்டும் அடிக்க விட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, பால் பொங்குவதற்கு முன்பே ரோசக்குட்டி அடுப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது அறுபத்தொன்பது.

அந்த நம்பர் அவளுடைய தம்பி குரியாச்சன் வீட்டு நம்பர். அழைத்தது தம்பி மனைவி லிசம்மா.

குரியாச்சன் ரோசக்குட்டிக்குப் பதினான்கு வயது இளையவன். தாய் இல்லாத பிள்ளை. அவனைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் அக்காதான். ரோசக்குட்டியின் கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரு பக்கம் கைப்பிள்ளை ஜின்சி, இன்னொரு பக்கம் தம்பி. பகல் ஷிஃப்டோ இரவு ஷிஃப்டோ, இரண்டு பேரையும் பட்டினி போட்டதில்லை. லிசம்மாவுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்ததும் குரியாச்சனும் பின்னாலேயே போனான். பாலா டவுனிலிருந்து ஏழு கிலோமீட்டரில், மீனச்சில் ஆற்றுக்கு மேலே கட்டிய மாடி வீட்டின் சாவி அக்கா கைக்கு வந்தது.

ஒன்பது வருடம் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டாள். காலையில் தன் வீட்டிலிருந்து போய் ஜன்னல் திறப்பாள். சாயங்காலம் மூடுவாள். குழாய்களைத் திறந்து தண்ணீர் ஓடவிடுவாள். ஹாலில் இயேசுவின் திருஇருதயப் படம். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அது இரவும் பகலும் எரிய வேண்டும். அணைந்தால் பல்பு மாற்றுவாள். அந்த சுவிட்சில் ஒன்பது வருடமாக அவள் கை பட்டதில்லை.

ஒரே ஒரு முறை அந்த சுவிட்சே இடம் மாறியது. அந்த வீட்டில் திருட்டு நடந்ததற்கு முந்தின வருடம், ஐப்பசி மழையில் ஹால் சுவர் ஊறி சுவிட்ச் போர்டில் கசிவு வந்தது. ஜின்சிதான் ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள். விளக்குக்குப் போகும் வயரைத் துண்டித்து, வெள்ளை பிளாஸ்டிக் பட்டைக்குள் புது வயர் இழுத்து, ஸ்டோர் ரூமில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும் போர்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஹாலில் இருந்த பழைய சுவிட்ச் செத்த சுவிட்ச். மூடி போட்டு அடைக்க வேண்டும் என்று நினைத்தாள். அடைக்கவில்லை. இந்த மாற்றம் தாய்க்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். அயர்லாந்துக்குச் சொல்லும் அளவுக்கு அது ஒரு சேதியே இல்லை.

ஜனவரியில் செபஸ்தியார் திருநாள். மத்தியானம் பவனி புறப்பட்டால் அந்தக் கரையில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. ரோசக்குட்டியும் பட்டுக்குடை பிடித்துக்கொண்டு பவனியில் நடந்தாள். ஐந்து மணிக்குத் திரும்பி, தம்பி வீட்டு ஜன்னல் மூடப் போனாள்.

கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அடித்தது. ஆள் இல்லாத வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் டியூப் லைட் எரிந்தது. சிவப்பு விளக்கு மட்டும் அணைந்திருந்தது.

மேலே அலமாரி திறந்து கிடந்தது. லிசம்மாவின் கல்யாணப் பட்டு தரையில் கிடந்தது. அதன் மடிப்புக்குள் பதினோரு பவுன் இருந்ததாம். அங்கே நகை இருந்ததே ரோசக்குட்டிக்குத் தெரியாது.

போலீஸ் வந்தது. மோப்ப நாய் கிணற்றடி வரை போய், அங்கே நிழலில் படுத்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் கதவையும் பூட்டையும் இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். "உடைக்கல. சாவி போட்டுத் திறந்திருக்காங்க. சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட" என்றாள் ரோசக்குட்டி.

அன்று அயர்லாந்திலிருந்து வந்த போனை இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சேச்சி, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் லிசம்மா. "ஆனா இருந்தது ஒரே ஒரு சாவி. அது உங்க கையில. நான் வேற யாரைப் போய்க் கேக்கறது?"

"குரியாச்சன்கிட்ட குடு."

தம்பி வந்தான். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. மூச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடக்கூடிய பெண் அவள். "விடு சேச்சி, போனது போகட்டும்" என்றான் குரியாச்சன். 'நீ எடுத்திருக்க மாட்டாய்' என்று அவன் சொல்லவில்லை. ரோசக்குட்டி அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்தார்கள். மீன்காரன்கூட, "என்ன சேச்சி, தம்பி வீட்டுல பெரிய வேட்டையாமே?" என்று இழுத்தான். கொச்சியிலிருந்து வந்த ஜின்சி தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டாள். "அம்மே, சாவியை நீ யார்கிட்டயாவது குடுத்தியா?"

ரோசக்குட்டி இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஜின்சிக்கு இனி வழியில்லை.

மூன்றாம் நாள் இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஹால் போர்டின் முன் ஜின்சி நின்றாள்.

"நீ வந்தப்போ இதெல்லாம் எப்படி இருந்தது?"

"அஞ்சு சுவிட்சும் தலைகீழா இருந்துச்சு. அணைச்சிருந்ததெல்லாம் எரிஞ்சது. ஃபேன் வேற."

"தேடறதுக்கு லைட் போட்டிருப்பான்னு போலீஸ் சொல்லுது."

"மத்தியானம் ரெண்டு மணிக்கா? கண்ணு பொட்டையா அவனுக்கு?"

ஜின்சி செத்த சுவிட்சைத் தட்டினாள். பிறகு வெள்ளைப் பட்டையைத் தொடர்ந்து ஸ்டோர் ரூம் வரை நடந்தாள். அரிசி டிரம் ஒரு சாண் நகர்ந்திருந்தது. "அம்மே, அவன் போட்டது ஒண்ணும் இல்ல. எல்லாம் அணைக்கப் பாத்தது. சிவப்பு விளக்கை அணைக்கணும். பழைய சுவிட்ச் ஹால்லதான் இருக்கும்னு தெரிஞ்சவன். தட்டினான், அணையல. ஒவ்வொண்ணா எல்லாத்தையும் தட்டினான். அப்புறம் வயர் போற வழியே வந்து டிரம்மை நகத்தி அணைச்சிருக்கான்."

"அதை எதுக்குடீ அணைக்கணும்?"

சொல்லிக்கொண்டே ரோசக்குட்டி படத்தைப் பார்த்தாள். அவளுக்கே விடை கிடைத்துவிட்டது. வெளியூர்த் திருடனுக்கு அந்தப் படம் சுவரில் மாட்டிய ஒரு படம், அவ்வளவுதான். அதன் முன்னால் மண்டியிட்டு செபமாலை சொன்னவனுக்குத்தான் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நகை எடுக்கக் கை வராது.

"பாபிச்சன்" என்றாள்.

பாபிச்சன் லிசம்மாவின் தம்பி. ஆற்றுக்கு அக்கரையில் வீடு. இந்த வீட்டுக்கு டைல்ஸ் போட்ட சமயத்தில் ஐந்து மாதம் இங்கேயே தங்கி மேற்பார்வை பார்த்தவன்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலாம்" என்றாள் ஜின்சி.

"சொன்னா, 'நான் அந்தப் பக்கமே போகல'ம்பான். லிசம்மாவும் 'என் தம்பி மேல பழி போடறாங்க'ன்னு ஊரைக் கூட்டுவா. வேண்டாம். என்னை ஊர் முன்னாடி கள்ளியாக்கினாங்கல்ல? ஊர் முன்னாடியே அவன் கையாலேயே காட்டட்டும். அவளும் அதைப் பாக்கணும்."

"அவன் சுதாரிச்சுக்கிட்டா?"

"வாயை அவன் பாத்துக்குவான். காலை யாரு பாப்பா?"

அந்தக் கரையில் இருபத்திரண்டு வீடு சேர்ந்து ஒரு அன்பியம். மாதம் ஒரு வீட்டில் செபக் கூட்டம். பிப்ரவரிக் கூட்டத்தைத் தம்பி வீட்டில் வைக்கிறேன் என்றாள் ரோசக்குட்டி. களவு போன வீட்டில் செபம் சொல்வது நல்லதுதானே என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரி லிசம்மா தரப்பில் ஒரு ஆள் வேண்டாமா என்று பாபிச்சனுக்கு அவளே போன் செய்தாள். அவ்வளவு இனிமையான குரலை ஜின்சி அதற்கு முன் கேட்டதில்லை. எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் கேட்டவர்களிடம் பேசிய குரலாக இருக்கும்.

பாபிச்சன் வெள்ளைச் சட்டையில் வந்தான். வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது ரோசக்குட்டி கேட்டாள், "உன்னை இங்க பாத்து எத்தனை நாளாச்சு, பாபிச்சா?"

"நாளா? ஆறு வருஷம் இருக்கும் சேச்சி, இந்த வாசலை மிதிச்சு."

"அவ்வளவு ஆயிடுச்சா! பாத்தீங்களா பைலிச் சேட்டா, சொந்தக்காரன் ஆறு வருஷமா வரலையாம்."

"பெரிய தப்பு" என்றார் அன்பியத் தலைவர் பைலி, சிரித்துக்கொண்டே.

குரியாச்சனும் லிசம்மாவும் வீடியோ காலில் வந்தார்கள். அங்கே மத்தியானம். ஜின்சி போனை ஹால் முழுவதும் தெரிகிற மாதிரி மெழுகுவர்த்தித் தண்டில் சாய்த்து வைத்தாள். பாபிச்சனுக்கு ஸ்டோர் ரூம் கதவை ஒட்டி பாயில் இடம். திருடன் அணைத்துவிட்டுப் போன சிவப்பு விளக்கு அன்றுவரை அப்படியே இருந்தது. எல்லோரும் மண்டியிட்டதும் ரோசக்குட்டி ஒரு கை ஊன்றி, "ஐயோ, விளக்குப் போட மறந்துட்டேன். முட்டி வேற எழ விடல. யாராவது போடுங்களேன்" என்றாள்.

பைலி எழுந்து ஹால் போர்டைத் தட்டினார். டியூப் லைட் வந்தது. அடுத்ததைத் தட்டினார். மின்விசிறி சுற்றி மெழுகுவர்த்தி அணைந்தது. "இதென்ன, கர்த்தருக்குக் காத்து வேணுமா?" என்றாள் ஒரு கிழவி. எல்லோரும் சிரித்தார்கள். பைலி ஐந்தையும் தட்டிவிட்டார். சிவப்பு விளக்கு வரவில்லை.

"அது அங்க இல்ல சேட்டா" என்றான் பாபிச்சன். எழுந்தான். கதவுக்குள் போனான். டிரம் உரசும் சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது.

அவன் திரும்பி வந்து மண்டியிடும்வரை ரோசக்குட்டி காத்திருந்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"பாபிச்சா, அந்த சுவிட்ச் அங்க போய் ஒரு வருஷம்கூட ஆகல. வச்சது இதோ, என் மக. எனக்கும் அவளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஆறு வருஷமா வராதவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

பாபிச்சன் ஸ்டோர் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அது... வயரு தெரியுதே சேச்சி..."

"பைலிச் சேட்டனுக்குத் தெரியலையே. உனக்கு மட்டும் இருட்டுக்குள்ள, டிரம்முக்குப் பின்னாடி தெரிஞ்சுதா? சரி, அது கிடக்கட்டும். செபத்துக்கு நேரமாச்சு. செபமாலையில முதல் பத்து மணி நீ சொல்லு."

"நானா?"

"நீதான். விளக்கு எரியுதுல்ல, தைரியமா சொல்லு."

அவன் ஆரம்பித்தான். இருபத்திரண்டு வீட்டு ஆட்களும் பதில் சொன்னார்கள். நாலாவது மணியில் அவன் குரல் உடைந்தது. ரோசக்குட்டி விடவில்லை. "அஞ்சு" என்றாள். அவன் ஐந்தாவதைப் பாதி சொன்னான். "ஆறு" என்றாள். அவன் படத்தைப் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான். "அக்கா, நீ சாவி குடுத்திருக்கவே கூடாது" என்று அழுதான்.

எல்லோரும் போன் பக்கம் திரும்பினார்கள். திரையில் லிசம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. இரண்டாவது சாவி ஒன்று உண்டு. ஊரைவிட்டுப் போகும்போதே தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், நாத்தனார் வீட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாளா என்று அவ்வப்போது பார்க்கச் சொல்லி.

"லிசம்மா, ஒரே ஒரு சாவின்னியே?" என்று கேட்டாள் ரோசக்குட்டி. லிசம்மாவின் முகம் திரையிலிருந்து விலகியது. "குரியாச்சா, நீயும் இருக்கியா? இருக்க. உன் மூச்சு கேக்குது." அவளே அழைப்பைத் துண்டித்தாள். மீதி நாற்பத்தைந்து மணியையும் கணீரென்று சொல்லி முடித்தாள். எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் கொடுத்தாள். பாபிச்சன் தட்டிலும் இரண்டு வைத்தாள். இன்ஸ்பெக்டர் வரும்வரை அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

ஏழு பவுன் திரும்பி வந்தது. இரண்டாவது சாவியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. அன்றிரவு முதல் அயர்லாந்திலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. ரோசக்குட்டி எடுக்கவில்லை. நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். "மன்னிச்சிட்டா என்ன அம்மே?" என்று ஜின்சி ஒரு முறை கேட்டாள்.

"மன்னிக்கிறதுக்கு ஆள் நேர்ல வரணும். போன்ல பழி போட்டது ஊருக்கே கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் என் காதுக்குள்ள ரகசியமாவா?"

அந்த வீட்டுக்குள் அவள் பிறகு கால் வைக்கவில்லை. விளக்கை எரியவிட்டுப் பூட்டியதோடு சரி. சாவியை அயர்லாந்துக்கே கூரியரில் அனுப்பப் போவதாகச் சொன்னாள். "கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். இனி ஒரே சாவி, அதுவும் அவ கையிலயே."

ரோசக்குட்டியின் அடக்கத்துக்குக் குரியாச்சன் மட்டும் வந்தான். லிசம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம். பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான், கத்தி அழுதான். ஜின்சி பக்கத்தில் நின்று அவன் மூச்சைக் கேட்டாள். எல்லாம் முடிந்து, கல்லறையிலிருந்து திரும்பும்போது அவன் மெதுவாகக் கேட்டான்.

"மோளே, அந்தச் சாவி... குளிச்சு ஒரு மணி நேரம் படுக்கணும்."

"அம்மா கூரியர்ல அனுப்பிட்டாங்க அங்கிள்."

"எப்போ?"

"போன வாரம். நீங்க இங்க வர்றப்போ அது அங்க போயிருக்கும்."

அவன் தன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றான். ஹால் கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஆட்டோ பிடித்து அக்கரைக்கு, ஜாமீனில் இருக்கும் பாபிச்சன் வீட்டுக்குப் படுக்கப் போனான். ஜின்சி ஆட்டோ வளைவில் மறையும்வரை பார்த்தாள்.

சாவி எங்கும் போகவில்லை என்று ஜின்சிக்குத் தெரியும். ரோசக்குட்டியின் கைப்பையில், செபமாலைக்கும் மாத்திரை அட்டைக்கும் அடியில், ஒரு பழுப்புக் கவரில் இருந்தது. மேலே லிசம்மாவின் பெயர், தெரு, ஊர், எல்லாம் எக்ஸ்சேஞ்ச் காலத்துக் குண்டெழுத்தில். கடைசி வரி காலியாக இருந்தது. அந்த ஊர்ப் பின்கோடு அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்க அவள் அந்த போனை எடுத்திருக்க வேண்டும்.

துக்கம் விசாரித்தவர்கள் எழுதிய நோட்டில் குரியாச்சன் தன் முழு முகவரியையும் எழுதிவிட்டுப் போயிருந்தான், பின்கோடோடு. கூரியர் கடை ஐந்து மணி வரை திறந்திருக்கும். ஜின்சி கவரையும் நோட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஹாலில் போன் அடிக்க ஆரம்பித்தது, அயர்லாந்து நம்பர். கவர் இன்னும் ஒட்டப்படவில்லை.