பெயர் இல்லாத மாதங்கள்

மிக்சி ஓடினால் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவதை நான் முதலில் கவனித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாதா கோவிலில் பூசை முடிந்து போத்தனூர் வீட்டுக்கு அப்போதுதான் திரும்பியிருந்தோம். அம்மா சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசல் கேட்டருகே போய் நின்றுகொண்டார்.

"ஏனுங்ணா, இட்லி ஆறிப்போகுதுங்க."

"அந்த மோட்டார்ல ஆளு பேசறது உனக்குக் கேக்கலையா, பாப்பா?"

சிரித்துவிட்டேன். அவருடைய பிழைப்பே மோட்டார் சத்தம்தான். பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு. ஓட விட்டுக் காது கொடுத்தாலே பேரிங்கில் கோளாறு இருப்பதைச் சொல்லிவிடுவார். அதனால் இதையும் தொழில்காரர் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வேலை சரவணம்பட்டியில். அமெரிக்க டாக்டர்கள் எழுதிய நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடும் மெடிக்கல் கோடிங். எங்கள் குழுவுக்கு வருபவை எல்லாம் மனநோய்க் குறிப்புகள். வெளிநோயாளி விஷயத்தில் எங்களுக்குக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. டாக்டர் 'இருக்கலாம்' என்றோ 'சந்தேகம்' என்றோ எழுதியிருந்தால் நோய்க்கு எண் போடக் கூடாது. தூக்கமின்மை, பயம் என்று கண்ணுக்குத் தெரிகிற அறிகுறிக்கு மட்டும்தான் எண்.

வீட்டில் அறிகுறிகள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா சமைத்த சோற்றை அண்ணன் தொடாமல் கடை பன்னும் வாழைப்பழமும் மட்டும் தின்றார். போனைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தார். பக்கத்து வீட்டு இன்வர்ட்டர் தன் மூச்சைப் பதிவு செய்கிறது என்றார். பேச்சில் மரியாதை மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அந்த வீட்டுக்காரரிடமே போய், "ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க, அதைக் கொஞ்சம் நிறுத்தி வெக்க முடியுங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அம்மா அதற்கு 'டென்சன்' என்று பெயர் வைத்தார். பெரியம்மா போனில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார். கம்பெனி சூப்பர்வைசர், "கல்யாணம் தள்ளிப்போகுதுங்கல்ல, அதான் தம்பி ஒரு மாதிரி இருக்குது" என்றார். பங்குச் சாமியார் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் மெதுவாக, "ஜெபம் நான் பாத்துக்கறேம்மா, நீங்க டாக்டரப் பாருங்க" என்றார்.

தூக்கத்துக்கு மாத்திரை வாங்கலாம் என்று சொல்லித்தான் அண்ணனைக் கூட்டிப்போனோம். டாக்டர் ஒரு பெண். அண்ணனிடம் தனியாக நெடுநேரம் பேசிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"இது என்ன நோயிங்க?" என்றார் அம்மா.

"காய்ச்சல்னா ரத்தம் எடுத்துப் பாத்துச் சொல்லிப்போடலாங்க. இதுக்கு அப்படியொரு டெஸ்ட் இல்ல. என்ன நடக்குது, எவ்வளவு நாளா நடக்குது, வேலையும் சாப்பாடும் எந்தளவுக்குக் கெட்டுப்போகுது, இதையெல்லாம் வெச்சுத்தான் பேரு. ஒரு மாசத்துக்குள்ள முழுசா தணிஞ்சா ஒரு பேரு. அதத் தாண்டுனா இன்னொரு பேரு. ஆறு மாசம் தாண்டியும் நின்னுச்சுன்னா வேற பேரு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மாத்திரை. பேரு இல்லீன்னு வைத்தியம் நிக்காதுங்க."

அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. பெயரே இல்லாததைப் பெரிய நோய் என்று எப்படிச் சொல்வது? எனக்கோ அந்தப் பெயர்கள் மூன்றும் வரிசையாகத் தெரியும். ஒரே ஆளின் பழைய குறிப்பில் முதல் பெயர், அடுத்ததில் இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று எத்தனையோ முறை பார்த்து, எண்ணைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். இப்போது காலண்டரில் மாதத் தாளைக் கிழிக்கவே கை வரவில்லை. முதல் மாதம் முடிந்தது. சத்தம் முடியவில்லை.

அண்ணன் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிவைத்துத் துப்பிக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் அவர் என் வேலையைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்திருந்தார். யாருக்கு அனுப்புவீங்க? எண் போட்டபிறகு அழிக்க முடியுமா? நான் முதலில் விளக்கமாகச் சொன்னேன். பிறகு சொல்வதை நிறுத்தினேன். அவர் கேட்பதையும் நிறுத்தினார். சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மதியம் ஆபீஸ் செக்யூரிட்டி கூப்பிட்டார். "மேடம், உங்க அண்ணன்னு ஒருத்தர் வந்திருக்காருங்க. வெயில்லயே நிக்கிறாரு, உள்ள வரமாட்டேங்கறாரு."

இறங்கிப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, புதிதாய் மழித்த முகம். தோளில் கம்பெனிப் பை கனமாகத் தொங்கியது. அதன் வாயை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பாப்பா, உன்ற மேல எனக்குக் கோவம் இல்ல. மோட்டார்ல பேசறது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நீ எழுதி அனுப்பறதத்தான் அவிங்க படிக்கறாங்க. என்ற பேர அதுல இருந்து எடுத்துப்போடு."

பைக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. எடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிடம் தப்பிவிடலாம். ஆனால் அவர் நம்புவதோடு வாதாடவும் வேண்டாம், அதற்கு ஆமாம் போடவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உங்க பேரு அங்க இல்லீங்ணா. ஆனா நீங்க பயந்திருக்கறது எனக்குத் தெரியுது. எனக்கும் பயமாத்தான் இருக்குது. டாக்டர்கிட்டப் போலாமுங்களா?"

பையின் வாயிலிருந்து கையை எடுத்தார். கண்ணில் நீர் கோத்தது. "அங்க மோட்டார் இருக்குமா?" என்றார்.

"இருந்தா நிறுத்தச் சொல்றேனுங்க."

ஆட்டோவில் பையை என் மடியில் வைத்தார். உள்ளே ஒரு பெரிய சுத்தியல் இருந்தது. எதை உடைப்பதற்கு என்று இன்றுவரை கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாத்திரையைத் துப்ப வழியில்லாமல், மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாற்றினார்கள். சத்தம் தேய்ந்தது. பக்கத்து அறையில் யாரோ பேசுகிற அளவுக்கு, பிறகு அதற்கும் குறைவாக. முழுதாகப் போகவில்லை. டாக்டர் சொன்ன ஆறு மாதக் கெடுவும் தாண்டியது. அந்த மாதம் சீட்டில் மூன்றாவது பெயரை எழுதினார்.

"அப்ப இத்தன நாளும் இருந்தது என்னதுங்க?" என்று கேட்டார் அம்மா.

"இதேதாம்மா."

அம்மா சீட்டை மடித்துப் பையில் வைத்தார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் முதல் நாள் கேட்டபோது, இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னவர் அவர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் முன் சீட்டில் தூங்கிவிட்டார். அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"ஈரோட்டுல என்ற தம்பி ஒருத்தன் இருந்தான் கண்ணு. நீ பொறக்கறதுக்கு முன்ன. கெணத்து மோட்டார் ஓடுனா காதப் பொத்திக்குவான். கோவக்காரன், சோம்பேறின்னு சொல்லி எங்கப்பா அடிப்பாரு. ஒருநா ஊட்ட உட்டுப் போயிட்டான். நாங்க தேடவே இல்ல."

"டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அப்ப அதுக்குப் பேரு ஒண்ணும் இல்லியே."

அண்ணன் இப்போது வேலைக்குப் போகிறார். டெஸ்டிங்கில் இல்லை, பேக்கிங்கில். ஊசித் தேதியை அவரே நினைவுபடுத்துகிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், என்னிடம் சிரிக்கிறார். நான் அவரைவிட மூன்று வயது இளையவள். அவருக்கு அது வந்த வயது எனக்கு இனிமேல்தான். போன வாரம் சமையலறையில் ஏதோ யோசனையில் நின்றவள், அம்மா கூப்பிட்டதைக் கவனிக்கவில்லை. திரும்பியபோது அம்மா கரண்டியைப் பிடித்தபடி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல அம்மணி" என்றார். போகவும் இல்லை.