சாமுண்டீஸ்வரியின் பத்து நிமிடம்

விளையாட்டில் பேர் வாங்கியவர்களைக் கோடைகால முகாமுக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தால் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். உழைத்தோம், அழுதோம், ஜெயித்தோம். சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அடுத்து வரப்போகிற பிஸ்கட்டை நினைத்துக்கொண்டு கைதட்டும். ரயில்வே அணிக்குப் பதினோரு வருஷம் கூடைப்பந்து ஆடிய சாமுண்டீஸ்வரி பேசினால் மட்டும் அப்படியில்லை. பிள்ளைகள் பிஸ்கட்டை மறந்துவிடும்.

அவள் சொல்வது ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றி. பதினேழு வயதுவரை பெஞ்சிலேயே காலம் தள்ளிய மாற்று ஆட்டக்காரி அவள். தேர்வாளர்கள் வந்திருந்த அந்த ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் இறங்கினாள். பதினான்கு புள்ளி போட்டாள். அந்தப் பத்து நிமிடம்தான் தொண்டூர் காலனியில் இருந்தவளைச் சென்னைக்குக் கொண்டுபோய், வேலையும் குவார்ட்டர்ஸும் கொடுத்து உட்கார வைத்தது. "சான்ஸு எப்ப வரும்னு தெரியாது. ஷூ லேஸைக் கட்டிக்கினே ஒக்காந்திருங்க" என்று முடிப்பாள். கைதட்டல் அடங்க நேரமாகும்.

அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அதுதான் அதிலிருக்கும் அயோக்கியத்தனம்.

எந்த ஊர் முகாமானாலும் நடுவில் தண்ணீருக்கு விடுவார்கள். பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு கேனைப் பார்த்து ஓடும். ஒருத்தி மட்டும் எழுந்திருக்க மாட்டாள். ரெட்டைச் சடை, வெளுத்துக் காய்ந்த உதடு. கோட்டோரம் உட்கார்ந்தபடி சாமுண்டீஸ்வரியையே பார்ப்பாள். கோபமாகக்கூட இல்லை, யாருக்கோ காத்திருக்கிறவள் மாதிரி. மற்ற பிள்ளைகள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் காணாமல் போய்விடுவாள். சாமுண்டீஸ்வரி அவளைத் திருச்சியில் பார்த்தாள், கோயம்புத்தூரில் பார்த்தாள், ஆவடியில் மழைக்காக உள்ளரங்கில் நடத்திய முகாமிலும் பார்த்தாள். அவள் பெயர் ஜினப்பிரியா. செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

பேய், பிசாசு என்றால் சாமுண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வரும். காலனியில் முதன்முதலாகப் பத்தாவது தேறிய அவளுடைய அப்பா பீமாராவ் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவிட்டதில்லை. நம்பாதவளுக்குத் தெரிகிற பேயை விரட்ட எந்தக் கோயிலுக்குப் போவது? அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஜினப்பிரியாவின் அம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும், அந்த அம்மாள் வாயால் 'மன்னிச்சிட்டேன்' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். அதற்குத்தான் தைரியம் வரவில்லை. கல்யாணம் காட்சிக்கென்று ஜினப்பிரியாவின் வீடு இருக்கிற செஞ்சிப் பக்கம் வந்தால்கூடத் தலையைக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவாள்.

இந்த மே மாதம் பச்சமுத்து சார் போன் செய்தார். அவளுக்கும் ஜினப்பிரியாவுக்கும் பந்தைப் பிடிக்கவே கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"இன்னாம்மா, ஊர் ஊரா போயி பேசற, சொந்த ஊருக்கு வரமாட்டியா? ஒடம்பு முடியல எனக்கு. இதான் நான் நடத்தற கடைசி கேம்ப்பு."

அவரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

முகாமின் கடைசி நாள் மாலை போய்ச் சேர்ந்தாள். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சிமென்ட் தளத்தில் நாற்பது பிள்ளைகள். சாமியானாவுக்குக் கீழே மூன்று நாற்காலி, அதில் ஒன்றில் நரைத்த கொண்டையும் வெள்ளைச் சேலையுமாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அனந்தமதி. ஜினப்பிரியாவின் அம்மா.

"வருஷா வருஷம் இவங்கதான் மொதல்ல பேசுவாங்க. உங்கிட்ட சொல்லலியா நானு?" என்றார் பச்சமுத்து.

சாமுண்டீஸ்வரி கிளம்பிவிடப் பார்த்தாள். அனந்தமதியோ அவள் கையைப் பிடித்து, "நல்லா இருக்கியா சாமு?" என்று கேட்டுவிட்டு மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு வெளையாட்டு தெரியாது கண்ணுங்களா. என் பொண்ணு நல்லா ஆடுவா. நாங்க ஜைனருங்க. பொழுது சாஞ்சா சாப்ட மாட்டோம், தண்ணிகூட குடிக்க மாட்டோம். அன்னிக்கு காலைல அவகிட்ட கறாரா சொல்லி அனுப்சேன், பொழுது போனா பல்லுல தண்ணி படக்கூடாதுன்னு. மேட்ச்சு லேட்டாயிடுச்சு. சாப்பாட்ட வேணாம்னுட்டாளாம். என் பேச்சுக்கு பயந்துனு தாகத்தோட ஆடி, மயங்கி விழுந்து, மண்டையில அடிபட்டு மூணாம் நாள் போயிட்டா. நான்தான் கொன்னுட்டேன். நீங்க தண்ணி குடிங்க. யாரு வேணாம்னாலும் கேக்காதீங்க, குடிங்க."

அழவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு படிக்கிற மாதிரிச் சொன்னாள். பத்தொன்பது வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு.

அடுத்தது சாமுண்டீஸ்வரி. பெஞ்சைப் பற்றி ஆரம்பித்தாள், ஷூ லேஸைப் பற்றிச் சொன்னாள், எதுவும் ஒட்டவில்லை. முன்வரிசையிலிருந்து மோனிகா என்ற பெண் எழுந்தாள்.

"அக்கா, அந்த சான்ஸு உங்களுக்கு எப்டி கெடச்சுது?"

எல்லா ஊரிலும் வருகிற கேள்விதான். 'கேப்டனுக்கு அடிபட்டுது' என்ற பதிலும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் மோனிகாவுக்குப் பின்னால் ரெட்டைச் சடை உட்கார்ந்திருந்தது. தண்ணீருக்கு விடாத நேரத்தில் அவள் வந்தது இதுவே முதல் தடவை. சாமுண்டீஸ்வரியைப் பார்க்கவும் இல்லை. தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடைக்கல. நானா எடுத்துக்கினேன்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

பிறகு மைக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கேப்டன் ஜினப்பிரியாவுக்காக அணியில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர் ஆட்டமென்றால் வீட்டிலிருந்து டிபன் கேரியரும் வடிகட்டிய தண்ணீர் பாட்டிலும் ஒரு பையில் வரும். வேறு தண்ணீரை அவள் தொடமாட்டாள். சூரியன் இறங்குவதற்குள் அவள் எங்கே இருந்தாலும் தேடிப்போய் அதைக் கொடுப்பது பெஞ்சில் இருக்கிறவள் வேலை. பொழுது டியூட்டி என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். திண்டிவனத்தில் நடந்த அந்த ஆட்டத்தன்று டியூட்டி சாமுண்டீஸ்வரிக்கு.

முந்தின ஆட்டம் இழுத்துக்கொண்டு போனது. பயிற்சி வரிசையில் நின்றபடியே ஜினப்பிரியா கேட்டாள், "சாமு, பை எங்கடி?" டிரைவர் வேனைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார் என்றாள் இவள். வேன் பூட்டியிருக்கவில்லை. இவள் அதற்குள் ஏறி, டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, வானம் கறுக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு தடவை ஜினப்பிரியா குரல் கொடுத்தாள். இவள் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

"அவ சாவணும்னு நெனைக்கல. சாப்டலன்னா கடைசி குவார்ட்டர்ல களைச்சிப் போவா, சார் என்னை எறக்குவாருன்னு நெனச்சேன். பத்து நிமிஷம் போதும்னு நெனச்சேன். அவ விழுந்தப்புறம் எல்லாரும் கேட்டாங்க. நான் குடுத்தேன், பொழுது போயிடுச்சுன்னு அவதான் வேணாம்னுட்டான்னு சொன்னேன்."

பச்சமுத்து தடுமாறி எழுந்து மைக்கை வாங்கினார், பிள்ளைகளை சர்ட்டிபிகேட்டுக்கு வரிசையில் நிற்கச் சொன்னார். இவளை அவர் பார்க்கவேயில்லை.

சாமுண்டீஸ்வரி போய் அனந்தமதியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் கேட்டாள்.

"பைய கேட்டாளா அவ?"

"ரெண்டு தடவ கேட்டாம்மா."

"அப்ப எனக்கு பயந்துனு தாகத்தோட இல்ல. நீ எடுத்துனு வருவேன்னு இருந்தா."

"ஆமாம்மா."

"காரியம் முடிஞ்ச அன்னிலேர்ந்து நான் இருட்டுனப்புறம்தான் சாப்டறேன் சாமு. லைட்டப் போட்டுக்கினு, வேணும்னே. என் பொண்ண கொன்ன நோன்பு எனக்கு எதுக்குன்னு. எங்க வீட்டுக்காரரு அதோட எங்கூட ஒக்காந்து சாப்டறத விட்டுட்டாரு. அந்தாண்ட தனியா இலையப் போட்டுக்குவாரு, பேச மாட்டாரு. போன வருஷம் அவரும் போயிட்டாரு. நோன்பு ஒண்ணும் பண்ணலன்னு இப்ப வந்து சொல்ற."

பெண்ணைப் பறித்தோம் என்பது மட்டும்தான் சாமுண்டீஸ்வரிக்குத் தெரியும். அந்த வீட்டில் இன்னும் என்னென்ன போயிற்று என்று இப்போதுதான் தெரிந்தது. குனிந்து அந்த அம்மாளின் காலைப் பிடித்தாள்.

"அம்மா, என்னை..."

அனந்தமதி சட்டென்று காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கேக்காத. மன்னிப்புன்னு ஒருத்தர் கேட்டா குடுத்தே ஆவணும், அது எங்க வழக்கம். வருஷத்துல ஒரு நாள் அதுக்குன்னே இருக்குது. நீ கேட்டா நான் குடுத்துடுவேன். அதனால கேக்காத சாமு. நான் இருக்கற வரைக்கும் கேட்டுடாத."

எழுந்து, யார் கையையும் பிடிக்காமல், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனாள்.

அதற்குப் பிறகு சாமுண்டீஸ்வரி மாதத்துக்கு ஒரு தடவை செஞ்சிக்கு வருகிறாள். அனந்தமதி கதவைத் திறப்பாள், உட்காரச் சொல்வாள், ஊர்ச் சேதி பேசுவாள். இவளும் பேசிவிட்டுக் கிளம்புவாள். இன்றுவரை கேட்கவில்லை.