கன்டினியூட்டிக்காக விட்டுவந்த கயிறு

அன்று மாலை குறும்படம் எடுக்கப் புளியமரத்தடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். பொம்மிடியில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பன்தான் இயக்குநர். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓட்டலில் பில் போடுகிறவன் படத்தில் ஊர்க்காவலனான ஷெரிப். எங்கள் ஊரில் கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்கிறவன், தூக்கில் தொங்கவேண்டிய கைதி. நான்காவது நான். வராதவர்கள் இரண்டு பேர்: குதிரையும் அம்மாவும். குதிரை சேலத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போய்விட்டது. அம்மா பாப்பிரெட்டிப்பட்டியில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

குதிரை வராததால் படத்தின் கதை மாறியது. அம்மா இல்லாததால் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்லூரி விடுதியில் நாங்கள் நால்வரும் ஒரே போனில், தமிழில் டப் செய்த பழைய கௌபாய் படங்களைப் பார்ப்போம். எனக்கு அந்த ஊர்கள் வெளிநாடாகவே தெரியவில்லை. தண்ணீருக்கு அலைகிறார்கள், நிலத்துக்குச் சண்டை போடுகிறார்கள், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசாமல் நிற்கிறார்கள். எங்கள் பெரியப்பா அப்படித்தான் நிற்பார். மாசி மாதம் எங்கள் காட்டில் நின்று பார்த்தால் செம்மண்ணும் பாறையும் காய்ந்த கரடும்தான். செட் போட வேண்டியதே இல்லை என்றான் இயக்குநர்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய தொப்பிகளின் விளிம்பை இட்லிப் பானை ஆவியில் காட்டி வளைத்தோம். துப்பாக்கிகள் தீபாவளிக்கு வாங்கியவை. ஷெரிப்பின் நட்சத்திரம் பால்பவுடர் டின் மூடியில் வெட்டியது. வசனமும் கன்டினியூட்டியும் என் பொறுப்பு. ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அதே இடத்தில், அதே மாதிரி இருக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துவைப்பேன்.

"குதிரை செத்துப்போச்சுன்னு ஒரு டயலாக் போட்டுரு" என்றான் இயக்குநர்.

'என் குதிரை பாலைவனத்திலேயே விழுந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். ஷெரிப் அதை இரண்டு தடவை படித்தான்.

"எந்தப் பாலைவனம்டா? கடத்தூரா?"

தூக்குக் காட்சிக்குக் கயிறு கொண்டுவந்தவன் கைதிதான். கிணற்றில் மோட்டார் இறக்கும் தடித்த கயிறு. அவனுடைய பேண்டுக்கும் சட்டைக்கும் உள்ளே வைக்கோல் அடைத்து, தொப்பி வைத்து, கிளையில் தொங்கவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் தூரத்திலிருந்து எடுத்தோம். காற்று அடித்தது. பொம்மை மெதுவாகத் திரும்பியது, தொப்பி கழன்று விழுந்தது. அதை யாரும் திட்டமிடவில்லை. இயக்குநர் கட் சொல்ல மறந்து நின்றான்.

அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. கைதியின் முகத்தை நெருக்கமாக எடுப்பது மறுநாளைக்குத் தள்ளிப்போனது. பொம்மையை இறக்கி வைக்கோலைப் போரில் போட்டோம்.

"கயித்த மட்டும் யாரும் தொடாதீங்க. முடிச்சு மாறுனா ஷாட்டு போச்சு" என்றான் இயக்குநர். நானும் முடிச்சைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த மரம் எங்கள் நிலத்தில் நிற்கிறது. ஆனால் அதன் காசு அம்மாவுடையது. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் அப்பா அதில் கை வைத்ததில்லை. வருடா வருடம் வியாபாரி ஒருவர் குத்தகை பேசி, ஆள் கூட்டிவந்து உலுக்கிக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரிக்கு நான் கட்டிய ஃபீஸில் பாதி அந்த மரத்தில் காய்த்தது. அந்த வருடக் காசுக்கு அம்மா வேறு கணக்கு வைத்திருந்தாள். வீட்டுக்குப் பின்னால் குளியலறைச் சுவர் எழுந்து நின்றது. மேலே ஷீட்டும் முன்னால் கதவும் போட வேண்டும். அதுவரை சேலை கட்டி மறைத்துத்தான் அவள் குளித்தாள்.

உலுக்க வருவது வெள்ளிக்கிழமை என்று பேச்சு. வேறு ஊரில் வேலை சீக்கிரம் முடிந்ததால் வியாபாரி ஒரு நாள் முன்பே, நாங்கள் படம் எடுத்த மறுநாள் காலையில் வந்துவிட்டார். அவர் போனில் சொல்லி, அம்மாவும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி நேராகக் காட்டுக்குப் போயிருக்கிறாள். மரம் ஏறுகிறவர் தொரட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறார். கிளையில் கயிறு, அதில் சுருக்கு.

"யாருங்கக்கா?" என்று வியாபாரி கேட்டாராம்.

அம்மா வீடு வரைக்கும் ஓடி வந்திருக்கிறாள். என் போர்வையை இழுத்து முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்தாள். பிறகு ஓங்கி ஒரு அறை விட்டாள். எதற்கு அடி என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

நான் ஓடிப்போய் அது சினிமா என்று சொன்னேன். மரம் ஏறுகிறவர் கேட்கவில்லை. "கவுறு தொங்குன மரத்துல நான் கால் வெக்க மாட்டன்" என்றார். நம்பவைக்க ஒரே வழிதான் தோன்றியது. இயக்குநரை வரச்சொன்னேன். அவன் போனிலிருந்த காட்சியை எல்லோருக்கும் காட்டினான்.

அதுதான் தப்பாகப் போனது. காட்சி அவ்வளவு நன்றாக வந்திருந்தது. பழம் பொறுக்க வந்திருந்த பெண்கள் போனைச் சுற்றி நின்றார்கள். பொம்மை திரும்பியபோது இன்னும் நெருங்கி வந்தார்கள். தொப்பி விழுந்ததும் அவர்களில் ஒருத்தி "அய்யோ சாமி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா? தொங்குறான்ல?" என்றார் மரம் ஏறுகிறவர்.

"அண்ணா, அது வைக்கோலுங்க."

"வைக்கோலுக்கு எதுக்குப்பா பேண்ட்டு?"

இயக்குநர் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. என் முகத்திலும் இருந்திருக்கும். எங்கள் வேலையை முதலில் பார்த்த ஜனங்கள் அவர்கள்தான். அதை அவர்கள் முழுசாக நம்பினார்கள். பின்னால் எத்தனையோ பேர் அந்தப் படத்தை நெட்டில் பார்த்து 'சூப்பர்' என்று போட்டிருக்கிறார்கள். அப்படி நம்பியவர் யாரும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு எதிரில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அவள் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "செத்தவனக் கூப்புடுங்கடா."

கைதி பைக்கில் வந்தான், கையெல்லாம் கிரீஸ். அம்மா அவனை மரத்தடியில் நிறுத்தி, "ஏறி உலுக்கு" என்றாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். கயிறு கட்டிய கிளைக்கு அடுத்த கிளையைப் பிடித்து ஆட்டினான். பழம் சடசடவென்று எங்கள் தலையிலேயே கொட்டியது. வாயைப் பொத்தியிருந்தவள்தான் முதலில் சிரித்தாள்.

"செத்தவன் நல்லாத்தான் உலுக்குறான். கூலிக்கு வெச்சுக்கலாம்" என்றார் மரம் ஏறுகிறவர்.

அவர் ஏற ஒப்புக்கொண்டார், ஆனால் கயிற்றை அவிழ்க்கக் கூடாது, கிளையோடு வெட்டி எரிக்க வேண்டும் என்றார். வெட்டுவதற்கு முன் கோழியும் பூசணிக்காயும் கேட்டார். நிறையக் காய்க்கும் கிளை அது. அம்மா தலையசைத்தாள். அதற்குப் பிறகு வியாபாரி தயங்கித் தயங்கிப் பேசினார்.

"பழசு பேசுனது ஒம்பதாயிரம். இப்ப அஞ்சர தர்றங்கக்கா. சந்தையில இது எந்த மரத்துப் பழம்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா எனக்குத் தெரியுமில்லிங்களா?"

அம்மா அந்த விலைக்கே ஒப்புக்கொண்டாள். அவரை நான் எப்படித் தப்பு சொல்வது? பொய் என்று தெரிந்த பிறகும் மனதில் நிற்க வேண்டும் என்றுதானே நாங்கள் அந்தக் காட்சியை எடுத்தோம்.

மறுநாள் எடுக்க வேண்டிய ஷாட்டை எடுக்கவில்லை. கயிறும் இல்லை, கிளையும் இல்லை. படத்தில் கைதியின் முகம் கடைசிவரை தெரியாது. அது நல்ல யோசனை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

குளியலறைக்கு ஷீட் போட்டாயிற்று. கதவு இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் பழைய சேலை தொங்குகிறது. தொப்பி, துப்பாக்கி, பிரியாணி எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் படத்தை முடித்தோம் என்று இயக்குநர் எல்லோரிடமும் சொல்வான். அம்மாவின் கணக்கு வேறு. குத்தகையில் குறைந்தது மூவாயிரத்து ஐநூறு, கோழிக்கும் பூசணிக்கும் அறுநூறு, எரித்த கயிற்றுக்கு மோட்டார்காரனிடம் அவளே வலியக் கொடுத்தது ஆயிரத்து நூறு. ஆகமொத்தம் ஐயாயிரத்து இருநூறு ரூபாய்.