பட்டியலில் இல்லாத குரல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி சனிக்கிழமை காலையில், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் ஆரம்பித்தது இது.

என் கணவர் பள்ளியில் பி.டி. மாஸ்டர். மைதானத்தின் இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் ஓடுகிற பையன் நிற்பான். இவருக்கு விசில் எதற்கு என்று கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தாக வேண்டும், பிறகு அந்தக் குரல் வராது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தைய பத்து நாளும் என் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். எட்டாவது படிக்கும் மகளுக்காகப் பேசிப் பதிவு செய்தார். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒன்று, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு ஒன்று, கல்யாணத்தன்று கேட்க ஒன்று என்று பத்தொன்பது. பட்டியலை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். என்னையும் அவற்றைக் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை காலை மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், ஆஸ்பத்திரியில் போன் தொலைந்தால் என்னாவது என்று பயந்து, பதிவுகளைக் கம்ப்யூட்டர் வழியாகப் பென்டிரைவுக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

அது நான் வேலை பார்க்கும் மில்லில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பெண்தான் லினக்ஸ் போட்டு அதற்கு உயிர் கொடுத்தவர். 'பென்டிரைவை உருவும் முன் எஜெக்ட் அழுத்திக் காத்திருக்கவும்' என்று மானிட்டரில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தார். மில் டைம் ஆபீசில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் தட்டுகிற எனக்கே பாடமா என்று அதை அன்றே கிழித்துப் போட்டவள் நான்.

போனில் கட், பென்டிரைவில் பேஸ்ட். கோடு முழுசாக ஓடி முடிந்தது. மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று சட்டென உருவிவிட்டேன். எதற்கும் பார்ப்போம் என்று மறுபடி செருகினால் ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. போனிலும் இல்லை. திரையில் வேலை முடிந்ததாகக் காட்டினாலும் உள்ளுக்குள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அழுதுகொண்டே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். புரட்டாசிச் சனி என்பதால், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலை என்கிற பெருமாள் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பதிவுகள் போனில் இருந்தனவா, மெமரி கார்டில் இருந்தனவா என்று மட்டும் கேட்டார். கார்டில் என்றேன்.

"போனை அணைச்சுட்டுக் கார்டைக் கழட்டி எடுத்துட்டு வாங்கக்கா. ஒரு போட்டோகூட எடுத்துராதீங்க. அதுக்கு மேல வேற எதுவும் பதிஞ்சுட்டா அம்புட்டுதான்."

நான் போய் இறங்கியபோது கடையைத் திறந்து வைத்திருந்தார். மலைக்குக் கொண்டுபோக வாங்கிய துளசி மாலை ஆணியில் தொங்கியது. கோயிலுக்குப் போகவில்லையா என்று தயங்கிக் கேட்டேன்.

"பெருமாள் அடுத்த சனிக்கிழமையும் அங்கனதான் இருப்பாரு. கார்டுல உள்ளது இருக்குமான்னு தெரியாதுல்ல."

முதலில் கார்டை அப்படியே பிரதி எடுத்து, பிரதியில்தான் தேடினார். அழிந்தவை எல்லாம் வந்தன, ஆனால் பெயர் இல்லாமல் வெறும் நம்பராக. காலை வணக்கப் பாட்டு, மில் ஷிப்ட் தகவல், யார் யாரோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் என்று நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஹெட்போனை நான்தான் முதலில் மாட்டினேன். கணவர் குரல் காதில் விழுந்ததுமே உடைந்துவிட்டேன். அந்தப் பெண் ஹெட்போனை வாங்கிக்கொண்டார்.

விரத நாள். மோரை மட்டும் குடித்துவிட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலும் முதல் வரி, எதற்கானது என்று புரிந்ததும் நிறுத்தம், என் தாளில் ஒரு டிக். கல்யாணத்துக்கானது வந்தபோது இரண்டு வார்த்தைக்கு மேல் கேட்கவில்லை. பதினெட்டு முழுசாகக் கிடைத்தன. ஒன்று பாதியில் அறுந்திருந்தது.

முடிந்தது என்று நான் எழுந்தபோது, கடைசியாக இன்னொன்றைத் திறந்தவர் சட்டென ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"'ஏட்டி'ன்னு ஆரம்பிக்காருக்கா. இது உங்களுக்கு."

சொல்லிவிட்டுக் கடைக்கு வெளியே போய், நான் கேட்டு முடிக்கும்வரை தெருவைப் பார்த்தபடி நின்றார். வீட்டில் கணவர் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். பட்டியலில் இல்லாத பதிவு அது. பறிகொடுத்திருந்தால், அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரிந்திருக்காது.

கிளம்பும்போது மானிட்டரில் ஒட்ட இன்னொரு சீட்டு எழுதிக் கொடுத்தார், இந்தத் தடவை கொஞ்சம் பெரிய எழுத்தில். நடந்ததையெல்லாம் கணவரிடம் சொன்னபோது அவர் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மகள் இதுவரை மூன்று பிறந்த நாள் வாழ்த்துகளைக் கேட்டுவிட்டாள். என் பதிவை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. அழிந்ததை மீட்டுத் தந்த திறமைக்கு அந்தப் பெண்ணை ஒரு தடவை கும்பிடுவேன். எங்கள் வீட்டு ரகசியம் முழுதும் காதருகில் இருந்தும், ஒரு வார்த்தை போதுமென்று எழுந்து வெளியே போனாரே, அதற்காக ஆயுசுக்கும் கும்பிடுவேன்.