பாஸ்டர் கூரையில் பச்சைத் தண்ணீர்

வெர்னா ஹாகனுக்கு அறுபத்தாறு வயது. மூன்று கணவர்கள், மூவரையும் அவளே அனுப்பிவைத்தாள். நண்டு பதனிடும் ஆலையில் முப்பது வருடம் நின்று முழங்கால் தேய்ந்த பிறகு, எங்கள் டிரெய்லர் பார்க்கில் பதினேழாம் நம்பர் இடத்துக்குக் குடிவந்து, கூரை ஒழுகல் பார்க்க ஆரம்பித்தாள். வாஷிங்டன் கடற்கரையில் அக்டோபரில் பிடிக்கிற மழை மே மாதம்தான் விடும். சக்கரத்தின்மேல் நிற்கும் எங்கள் வீடுகளுக்குக் கூரை என்பது ஒரு ரப்பர் தாள், அதற்குக் கீழே விரல் கனத்துக்கு ஒரு பலகை. அவ்வளவுதான். ஆகவே பார்க்கில் அவளுக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் கிடையாது, பாஸ்டர் உட்பட.

பாஸ்டர் எல்டன் நல்ல மனிதர். தலையில் ஒரு முடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பொது அறையில், துணி துவைக்கும் மெஷின்களுக்குப் பக்கத்தில் ஆராதனை நடத்துவார். பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் ஆமென் சொல்லிவிடுவார். அதற்காகவே எங்களுக்கு அவரைப் பிடிக்கும். உலக ஆசைகளில் டிவியைத்தான் முதலில் உதறினேன் என்று மாதம் ஒருமுறையாவது சொல்வார். வெர்னா அந்தப் பக்கம் துணி துவைக்க மட்டும் வருவாள், அதுவும் வார நாளில்.

நவம்பரில் பாஸ்டரின் கட்டிலுக்கு மேலே பழுப்பாக ஒரு கறை விழுந்தது. மூன்று வாரம் ஜெபித்துப் பார்த்தார். சாஸர் அளவில் இருந்தது கார் டயர் அளவுக்கு வளர்ந்தது. பிறகு வெர்னாவின் கதவைத் தட்டினார். நான் அவளிடம் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"சகோதரி வெர்னா, ஒரு உதவி வேணும்."

"எனக்கு ஏற்கனவே ரெண்டு தம்பி இருக்கானுங்க பாஸ்டர். ரெண்டும் தண்டம். மூணாவது வேணாம். எங்க ஒழுகுது?"

"கட்டிலுக்கு மேல."

"அப்ப ஓட்டை அங்க இல்ல. தண்ணி ஒரு இடத்துல பூந்து, சட்டத்தப் புடிச்சு நடந்து, தனக்கு எங்க தோணுதோ அங்க சொட்டும். கூரையில என்னென்ன வச்சிருக்கீங்க?"

"விசிறி. கழிவறைக் குழாய். குளிக்கிற இடத்துக்கு மேல வெளிச்சம் வர ஒரு கண்ணாடி. மூணுதான்."

"மூணுதானா?"

"மூணேதான். பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கேன். அதத் தொட வேண்டாம். அங்க ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லாத இடத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறவரை வெர்னா அதுவரை கண்டதில்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

சனிக்கிழமை மழை கொஞ்சம் விட்டது. கேக்குக்குப் போடும் சாயங்களைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டில்களில் நிரப்பினாள். மெஷின் அறையைவிட்டு நகராத மர்லீன் என்னவென்று கேட்டாள்.

"விசிறியச் சுத்திச் சிவப்பு ஊத்துவேன். குழாய்க்கு நீலம். கண்ணாடிக்கு மஞ்சள். உள்ள எந்தக் கலர் சொட்டுதோ அதுதான் குற்றவாளி" என்றாள் வெர்னா.

மர்லீனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. மதியத்துக்குள் பார்க் முழுக்கப் பேச்சு. நண்டுப் படகில் காலம் தள்ளி ஓய்ந்த கார்வின், சிவப்புதான் வரும் என்று ஆப்பிள் பை பந்தயம் வைத்தான்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். வெர்னா மேலே ஏறி, ஒவ்வொரு இடத்தையும் சுற்றிக் களிமண்ணால் குட்டி வரப்பு கட்டி, சாயத் தண்ணீரைத் தேக்கினாள். பிறகு பின்பக்கம் தார்ப்பாய் சரசரப்பது கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. மீந்த நீலத்தையும் மஞ்சளையும் மேல குடு."

இரண்டையும் ஒரு பாட்டிலில் கலந்தாள். பச்சையானது.

"பச்சை எதுக்கு?"

"மேல பாத்ததக் கீழ பேசுற பழக்கம் எனக்குக் கிடையாது. நீ ஏணியப் புடி."

அன்று உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை. ஞாயிறு விடியற்காலையில் தென்மேற்கிலிருந்து மழை அறைந்தது. ஒன்பது மணிக்கு இருபது பேர் பொது அறையில் கூடினோம். வெர்னாவும் வந்திருந்தாள், ரப்பர் பூட்ஸோடு. உட்காரவில்லை. காபியோடு வாசலிலேயே நின்றாள். வேலை விஷயமாக வந்தவளாம்.

பாஸ்டர் தூங்கி எழுந்த கையோடு தொப்பியை மாட்டிக்கொண்டு, நனைந்துபோய் ஓடிவந்தார். மேடைக்குப் போய், வழக்கம்போல் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்தார்.

உச்சந்தலையிலிருந்து இரண்டு காதுக்கும் பச்சை ஓடியிருந்தது. புதுப் புல் முளைத்த மாதிரி.

யாரும் ஜெபிக்கவில்லை.

"சிவப்பு இல்ல" என்றான் கார்வின், வருத்தமாக.

"நீலமும் இல்லியே" என்று மர்லீன் எழுந்துவிட்டாள். "வெர்னா, பச்சைன்னு நீ சொல்லவே இல்லியே! பச்சை எது?"

இருபது தலைகளும் வாசலுக்குத் திரும்பின. பாஸ்டர் தலையைத் தொட்டு விரலைப் பார்த்தார். பிறகு வெர்னாவைப் பார்த்தார். தார்ப்பாயைத் தூக்கிவிட்டாள் என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்தது. வெளுத்த முகத்தில் பச்சை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

வெர்னா காபியை ஒரு வாய் குடித்தாள்.

"நீலமும் மஞ்சளும் கலந்தா பச்சை. பள்ளிக்கூடம் போகலியா நீ? குழாய்லயும் ஒழுகுது, கண்ணாடியிலயும் ஒழுகுது. நீங்க பாட்டுக்குப் பிரசங்கம் பண்ணுங்க பாஸ்டர்."

மர்லீன் உட்கார்ந்தாள். பாஸ்டர் புத்தகத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இல்ல" என்றார். "அது ஆன்டெனா."

"எது?"

"டிவி ஆன்டெனா. போன வருஷம் நானே திருகு போட்டு மாட்டினேன். தார்ப்பாய்க்கு அடியில இருக்கு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஃபுட்பால் ஆரம்பிக்குது. அதனாலதான்…"

எங்களுக்குக் கிடைத்துவந்த சுருக்கமான ஆமென்களின் ரகசியம் மெல்ல விளங்கியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். அழவா, சிரிக்கவா என்று தெரியவில்லை. பின்னாலிருந்து கார்வின் கையை உயர்த்தினான்.

"பாஸ்டர், எத்தன சேனல் வருது?"

"பதினாலு."

"கிளியராவா?"

"மழை இல்லாதப்ப."

அன்று பிரசங்கம் ஒன்பதே காலுக்கு முடிந்தது. பத்து மணிக்கு அவருடைய டிரெய்லருக்குள் பதினொரு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கட்டிலில் வைத்த வாளியில் பச்சை சொட்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாயைக் கழற்றினால் படம் இன்னும் நன்றாக வரும் என்றான் கார்வின். வெர்னா அவன் சட்டைக் காலரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. வெர்னா பாஸ்டரையும் கூரைக்கு ஏற்றினாள். அவர் குளியலறைப் பசையை ஒரு டியூப் முழுக்க ஆன்டெனாவின் அடியில் பிதுக்கி வைத்திருந்தார். ரப்பர் கூரையில் அது ஒட்டவே ஒட்டாது; மேலே மூடின மாதிரி இருக்கும், உள்ளே தண்ணீர் தாராளமாகப் போகும்.

"இதச் சொரண்டி எடுக்கறது உங்க வேலை" என்று பிளாஸ்டிக் கரண்டி ஒன்றைக் கொடுத்தாள். "முழங்கால்ல நிக்கறது உங்களுக்குப் பழக்கந்தானே."

இரண்டரை மணி நேரம் சுரண்டினார். நான்கு திருகுகளையும் கழற்றியபோது அடியில் பலகை நனைந்த ரொட்டியாக உதிர்ந்தது. வெர்னா அந்தப் பகுதியை அறுத்தெடுத்து, காயவிட்டு, புதுப் பலகை பதித்தாள். ஒட்டும் பட்டையை வைத்து ஆன்டெனாவை மறுபடி அழுத்தி, திருகுத் தலை ஒவ்வொன்றின் மேலும் தானே பரவி இறுகும் பசையை ஊற்றினாள்.

நான் வழக்கம்போல் ஏணியடியில் நின்றேன். மேலே பாஸ்டர் கேட்பது காதில் விழுந்தது.

"ஆலயத்துல எனக்காக ஏன் பொய் சொன்னீங்க வெர்னா?"

"எந்த ஆலயம்? அது துணி துவைக்கிற ரூம். அதோட நான் பொய் சொல்லல. நீலமும் மஞ்சளும்தான் கலந்தேன்."

"குழாய்ல ஒழுகுதுன்னீங்களே?"

"ஆமா, அது பொய்தான். அந்தப் பசையக் குடுங்க, காஞ்சிரப்போவுது."

அடுத்த வாரம் மூன்று நாள் விடாமல் புயல் அடித்தது. நான்காம் நாள் வெர்னா கூப்பிடாமலே போய், கட்டில்மேல் பூட்ஸோடு ஏறி நின்று, கறையின்மேல் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பாஸ்டர் சந்தோஷத்தில், ஞாயிற்றுக்கிழமை வந்தால் முன்வரிசையில் இடம் போட்டு வைப்பதாகச் சொன்னார்.

"டிவிக்கு முன்னாலயா?" என்று கேட்டாள் வெர்னா.